ஆஸ்பத்திரி வாங்கில் பொறுமை வேண்டாம்



இந்த மாதம் வீட்டுத்தோட்டத்துக்கு விதை சேமிப்பது பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கிறேன். இதை முதலில் எழுதாவிட்டால் என் மனம் ஆறாது.

எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 56. கணவரை 2009ஆம் ஆண்டு இழந்தவர். அதன் பின் கச்சான் பிடுங்கியும், வெங்காயம் நட்டும், வயலில் புல்லுப் பிடுங்கியும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை" என்பதுதான் எப்போது கேட்டாலும் அவர் சொல்லும் பதில்.

கடந்த பங்குனி மாதத்தில் ஓர் இரவு எட்டரை மணியளவில் அடுப்படியில் நின்றபோது அவருக்கு இடது தோளும் தாடையும் உளைந்திருக்கின்றன. நெஞ்சை ஏதோ அமத்துவது போலவும் இருந்திருக்கிறது. வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்திருக்கிறார். பிறகு இஞ்சித் தேத்தண்ணி. பத்து மணிக்குத்தான் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலே சரியில்லை.

நான் தெரிந்த ஓட்டோக்காரத் தம்பிக்கு அழைப்பெடுத்தேன். அவர் வந்து, கடைசி மகளை என் வீட்டில் விட்டு, அடையாள அட்டையைத் தேடி எடுத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது 10.40. எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. அன்று அங்கே வேலையில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதை என் கண்ணால் கண்டேன்.

துண்டு எழுதித் தந்தார்கள். "இருங்கோ, கூப்பிடுவினம்" என்றார்கள். நாங்கள் வாங்கில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் இருபது பேருக்கு மேல். காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு தாய், கையில் கத்தி வெட்டிய ஒரு முதியவர், இருமிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. சிறிது நேரத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட இரண்டு இளைஞர்களைக் கொண்டுவந்தார்கள். இருந்த ஒரு வைத்தியரும் இரண்டு தாதியரும் அவர்களோடு ஓடினார்கள். இடையில் குடித்துவிட்டு வந்த ஒருவர் மேசையில் அடித்துச் சத்தம் போட்டார். அவரை உள்ளே கூப்பிட்டுப் பார்த்து அனுப்பினார்கள்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்கா, நான் போய்ச் சொல்லட்டே?" என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாரும் காத்திருக்கினம் பிள்ளை. நாங்கள் என்னெண்டு முன்னுக்குப் போறது?" என்றார். நானும், "அப்ப கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான். அதை நான் மறைக்கவில்லை.

நள்ளிரவு தாண்டி 12.50க்கு நிலம் துடைக்கும் அம்மா ஒருவர் வாளியோடு வந்தார். காலைத் தூக்கச் சொல்ல நிமிர்ந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "இவ ஏன் காத்தாடிக்குக் கீழ இருந்தும் இப்பிடி வேர்த்து ஊத்துறா? முகமும் வெளிறிப் போச்சு" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு தாதி ஓடிவந்தார். "அம்மா, எங்க நோகுது?" என்ற ஒரே ஒரு கேள்விதான். அடுத்த நிமிடம் தள்ளுவண்டி வந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. ஊசிகள் போட்டு, விடியுமுன் அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு ஏற்றினார்கள்.

அக்கா உயிரோடு இருக்கிறார். ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. இனி வெயிலில் குனிந்து வேலை செய்யக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கூலி வேலையை நம்பி வாழும் ஒரு பெண்ணுக்கு அதன் அர்த்தம் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "முதலே வந்திருந்தால் இவ்வளவு பழுதாகியிராது" என்றும் அந்த வைத்தியர் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். நோவு தொடங்கி அவரை ஒருவர் பார்க்கும் வரை 4 மணித்தியாலம் 20 நிமிடம். அதில் வீட்டில் போனது ஒன்றரை மணித்தியாலம். புறப்பட்டுப் போய்ச் சேர 40 நிமிடம். வாங்கில் 2 மணித்தியாலம் 10 நிமிடம். வாங்கில் போன நேரத்துக்கு ஆஸ்பத்திரியைக் குறைசொல்லலாம். மிச்சத்துக்கு? அந்த வாங்கிலும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் நாங்கள் இருவரும்தானே.

வரிசையில் வளர்ந்தவர்கள் நாங்கள்

சகோதரிகளே, நாங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று பல நாள் யோசித்தேன். எங்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. வவுனியாவில் பாஸ் எடுக்கக் காத்திருந்தோம். நிவாரணத்துக்குக் காத்திருந்தோம். 2009இல் மெனிக் பாம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்குக் காத்திருந்தோம். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காத்திருந்தோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரின் காத்திருப்பு எந்த நாட்காட்டிக்கும் அடங்காதது. முந்தினால் ஏச்சு விழும், துண்டைப் பறிப்பார்கள், கடைசிக்கு அனுப்புவார்கள் என்று நாங்கள் பழகிவிட்டோம். பொறுமைதான் எங்களைக் காப்பாற்றியது என்றும் நம்புகிறோம்.

இன்னொன்றும் உண்டு. எங்களுக்கு நெஞ்சு இறுகினால், அது "யோசினையால வாறது" என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன் நாங்களே சொல்லிவிடுகிறோம். இவ்வளவு இழப்பைக் கண்டவளுக்கு நெஞ்சு நோகாமல் என்ன செய்யும் என்று எண்ணுகிறோம். கவலையாலும் நெஞ்சு இறுகும், உண்மைதான். ஆனால் எது கவலை, எது இருதயம் என்பதை வீட்டில் இருந்து ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஈ.சி.ஜி. இருக்கிறது.

அக்காவை ஆஸ்பத்திரியால் வந்தபின் பார்க்கப் போனபோது அவர் ஒரு கதை சொன்னார். 2009 மாசி மாதம், புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தில் இயங்கிய தற்காலிக ஆஸ்பத்திரிக்குக் காலில் காயப்பட்ட மூத்த மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். நிலத்தில், மரத்துக்குக் கீழே எல்லாம் காயப்பட்டவர்கள். ஒரு வைத்தியர் வந்து மகனின் காலைப் பார்த்து, கட்டை இறுக்கிவிட்டு, "அம்மா, இவர் தாங்குவார். அங்கால வயித்துக் காயம் ஒண்டு இருக்கு, அதைப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிப் போனாராம். திரும்பி வந்தபோது பின்னேரம்.

"அண்டைக்கு எனக்குக் கோவம் வரேல்லைப் பிள்ளை. அந்த டொக்டர் வந்து பாத்திட்டுத்தானே பொறுக்கச் சொன்னவர். இண்டைக்கு என்னை ஒருத்தரும் பாக்கேல்லை. நானும் என்னைப் பாருங்கோ எண்டு சொல்லேல்லை" என்றார்.

இந்த மாதம் நான் உங்களுக்குச் சொல்ல வந்ததை அக்காவே சொல்லிவிட்டார். ஒருவர் பார்த்தபின் காத்திருப்பது வேறு. ஒருவரும் பார்க்காமல் காத்திருப்பது வேறு. முதலாவதைப் பொறுக்கலாம். இரண்டாவதைப் பொறுக்கக் கூடாது.

வகை பிரித்தல் என்றால் என்ன?

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தாதிய உத்தியோகத்தரை அழைத்து இதுபற்றிக் கேட்டோம். அவர் சொன்னவற்றையும் நான் தேடி வாசித்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த ஒழுங்கு முக்கியமில்லை. நோயின் கடுமைதான் முக்கியம். இதை வகை பிரித்தல் என்பார்கள். ஆங்கிலத்திலும் வழங்கும் "திரியாஜ்" என்ற சொல், பிரித்தெடுத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இந்த முறை பிறந்ததும் யுத்தகளத்தில்தான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் நெப்போலியனின் படையில் வைத்தியராக இருந்த டொமினிக் லாரே என்பவர், பெரிய அதிகாரியா சாதாரண சிப்பாயா என்று பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று நடைமுறைப்படுத்தினார்.

அவுஸ்திரேலியாவில் இதை ஐந்து படிகளாக வைத்திருக்கிறார்கள். முதற்படி நோயாளிக்கு உடனே சிகிச்சை. இரண்டாம் படிக்கு 10 நிமிடத்துக்குள். மூன்றாவதுக்கு 30 நிமிடம், நான்காவதுக்கு 60 நிமிடம், ஐந்தாவதுக்கு 120 நிமிடம். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்படும் நெஞ்சு நோவு அங்கே இரண்டாம் படியில் வரும். அதாவது 10 நிமிடம். எங்கள் அக்கா வாங்கில் இருந்தது 130 நிமிடம்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இரவிரவாகக் கதிரையில் இருந்த கதை சொல்வார்கள். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 95 வீதமானோரை 4 மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு 2015க்குப் பின் பல ஆண்டுகளாக எட்டப்படவில்லை. 2022இல் அங்கே வெளியான ஓர் ஆய்வு, விடுதிக் கட்டில் கிடைக்க 6 முதல் 8 மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்த ஒவ்வொரு 82 நோயாளிகளுக்கும் ஒரு மரணம் மேலதிகமாக ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. காத்திருப்பு வெறும் அலுப்பு அல்ல, அது உயிரைத் தின்னும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் ஏன் இந்த நெரிசல்? அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அது எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் சாதாரண தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் பக்கத்தில் இருக்கும் பிரதேச வைத்தியசாலையைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கே எல்லோரும் போகிறோம். விடுதியில் கட்டில் இல்லாவிட்டால், பார்த்து முடித்த நோயாளியும் அவசரப் பிரிவிலேயே கிடக்க வேண்டும். அந்த இடம் நிறைந்தால் வாங்கில் இருப்பவர் உள்ளே போக முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனதும் ஒரு காரணம்.

அந்தத் தாதி சொன்ன ஒன்று என் மனதில் தைத்துவிட்டது. "அக்கா, சத்தம் போடுறவருக்கு மூச்சு இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும். சத்தம் போடாமல் சுருண்டு இருக்கிறவையை நினைச்சுத்தான் எங்களுக்குப் பயம். ஆனா இரவில ரெண்டு பேர் நிண்டு ஓடேக்க, அவையள்தான் எங்கட கண்ணில படாமல் போகினம். தயவுசெய்து வந்து சொல்லுங்கோ. நாங்கள் ஏசினாலும் சொல்லுங்கோ."

வரிசையில் நிற்கக் கூடாத நோய்கள்

இவற்றை வெட்டிச் சுவரில் ஒட்டிவையுங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நெஞ்சில் அமத்தல், இறுக்கம், நோவு. அது தோள், கை, தாடை, முதுகுக்குப் பரவலாம். பெண்களுக்கு நெஞ்சு நோவு பெரிதாக இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, ஓங்காளம், காரணமில்லாத கடுமையான களைப்பு என்பவை மட்டுமே தெரியலாம். நீரிழிவு உள்ளவர்கள் மிகவும் கவனம். அவர்களுக்கு நோவே தெரியாமல் போவதுண்டு.

திடீரென வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் சோர்தல், பேச்சுக் குழறுதல். இது பாரிசவாதம். இரத்தக்கட்டியால் வந்ததென்றால் அதைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கான் செய்து பார்க்கவும் நேரம் வேண்டும். "படுத்து எழும்பினால் சரிவரும்" என்று விடாதீர்கள்.

டெங்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் ஆறுதலடையும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது வயிற்று நோவு, நிற்காத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல், சலம் குறைதல், அரைத்தூக்கம் என்று எது கண்டாலும் உடனே போக வேண்டும்.

கர்ப்பிணிக்கு இரத்தம் போதல், தாங்க முடியாத தலையிடி, கண் மங்குதல், வலிப்பு, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல். பிள்ளை பெற்றபின் அதிகமாக இரத்தம் போவதும் அவசரமே.

குழந்தைக்கு வலிப்பு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, வயிற்றோட்டத்தோடு கண் குழிந்து சலம் போகாதிருத்தல்.

பாம்புக்கடி. கட்டிறுக்கவோ கீறவோ வேண்டாம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கடிபட்ட இடத்தை அசைக்காமல் கொண்டுபோங்கள். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களை இரவில் கட்டுவிரியன் கடித்தால் நோவோ அடையாளமோ பெரிதாக இராது. விடிய எழும்பும்போது வயிற்று நோவும் கண்மடல் சரிவும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வாசலில் என்ன சொல்வது?

"ஏலாமல் இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம். மூன்று விடயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். என்ன நோவு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன பயம். உதாரணமாக: "மிஸ், இவவுக்கு எட்டரைக்கு நெஞ்சு அமத்தத் தொடங்கினது. இப்ப வேர்க்குது. மாரடைப்போ எண்டு பயமா இருக்கு. ஒருக்கால் பாத்திட்டுப் பொறுக்கச் சொல்லுங்கோ, பொறுக்கிறம்." இதில் சண்டை இல்லை, முந்துதல் இல்லை. பார்க்கச் சொல்லிக் கேட்பது எங்கள் உரிமை.

பார்த்தபின் "பொறுங்கோ" என்றால் பொறுங்கள். ஆனால் நோவு கூடினால், மூச்சு மாறினால், மயக்கம் வந்தால், திரும்பவும் போய்ச் சொல்லுங்கள். முதலில் பார்த்தபோது இருந்த நிலை மாறிவிட்டது என்று சொல்லுங்கள். இரண்டாம் தடவை சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

சிங்களம் பேசும் இடத்துக்கு மாற்றி அனுப்பினால் இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருங்கள். "பப்புவ ரிதெனவா" என்றால் நெஞ்சு நோகுது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்செடுக்கக் கஷ்டம். மிச்சத்தை உங்கள் முகமே சொல்லும்.

கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்தையும் கொண்டு போங்கள். ஒத்துவராத மருந்து இருந்தால் கேட்கும் முன்பே சொல்லுங்கள். உடலில் செல் துண்டு இருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்பு ஆபத்தாகலாம். ஆனால் அடையாள அட்டையைக் காணவில்லை, கொப்பியைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள். நான் செய்த பிழை அது.

நான் செய்த இன்னொரு பிழை, 1990ஐ மறந்தது. "சுவசெரிய" அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது. எந்தத் தொலைபேசியிலிருந்தும் 1990க்கு அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். பணம் கட்ட வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள், வழியிலேயே ஒட்சிசன் கொடுப்பார்கள். ஓட்டோவில் போனவரை வாங்கில் இருத்தலாம். அம்புலன்ஸில் படுத்துப் போனவரை ஒருவர் பார்க்காமல் விடுவது கஷ்டம்.

எங்கள் சங்கத்தில் செய்தது

ஆண் துணையில்லாத வீடுகளில் இரவில் வருத்தம் வந்தால் முதல் வரும் கேள்வி, "பிள்ளைகளை ஆரிட்ட விடுறது?" என்பதுதான். விடியட்டும் என்று அதற்காகவே பலர் பொறுத்திருக்கிறார்கள். அக்காவும் அன்று ஒன்றரை மணித்தியாலம் பொறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னர் சொன்னார். வயதுக்கு வந்த பெண்பிள்ளையை இரவில் தனியே விட்டுவிட்டு எந்தத் தாய்தான் புறப்படுவாள்?

ஆகவே சித்திரை மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். ஒவ்வொரு ஐந்து வீட்டுக்கும் ஒரு வீடு. இரவு எத்தனை மணியானாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஒருவர் நோயாளியோடு போவார், ஒருவர் பிள்ளைகளோடு இருப்பார். அந்த வீட்டுச் சுவரில் 1990 என்ற இலக்கமும், இரண்டு ஓட்டோக்காரரின் இலக்கமும், மேலே சொன்ன நோய்களின் பட்டியலும் ஒட்டியிருக்கும். கூடப் போகிறவருக்கு ஒரே ஒரு பொறுப்பு. நோயாளி வாய் திறக்காவிட்டாலும் இவர் திறக்க வேண்டும். இதற்குப் பணம் செலவாகவில்லை. ஒரு கடதாசியும் கொஞ்சம் பசையும்தான்.

அந்தப் பட்டியலில் முதலாவது வீடு யாருடையது தெரியுமா? அக்காவுடையதுதான். "வயல் வேலைக்குத்தான் ஏலாது, இரவில முழிச்சிருக்க ஏலும்" என்று தானாகவே பெயர் கொடுத்தார். வைகாசி மாதம் ஓர் இரவு பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அந்தக் கதவைத் தட்டினாள். தலையிடி, கண் மங்கல். அக்கா 1990க்கு அழைத்துவிட்டு, கூடப் போக என்னை எழுப்பினார். புறப்படும்போது, "வாங்கில இருத்தினா இருக்காதை, பாக்கச் சொல்லிக் கேள்" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

நான் கேட்டேன். பார்த்தார்கள். இரத்த அழுத்தம் மிகக் கூடியிருந்தது. உடனே விடுதியில் அனுமதித்தார்கள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். அன்று நிலம் துடைத்த அந்த அம்மாவைப் பிறகு தேடிப்போய் நன்றி சொன்னேன். "நான் என்ன செய்தனான்? முகத்தைப் பாத்தன், அவ்வளவுதான்" என்றார். அடுத்த முறை நீங்கள் ஆஸ்பத்திரி வாங்கில் இருக்க நேர்ந்தால், பக்கத்தில் இருப்பவரின் முகத்தையும் ஒருக்கால் பாருங்கள். அவர் வேர்த்துப்போய் ஒன்றும் பேசாமல் இருந்தால், அவருக்காக நீங்கள் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

விதை சேமிப்புப் பற்றி அடுத்த இதழில் கட்டாயம் எழுதுவேன். உங்கள் ஊரில் இரவு அவசரத்துக்கு என்ன ஒழுங்கு செய்திருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால், அடுத்த சங்கக் கூட்டத்தில் முதலாவது விடயமாக அதைக் கதையுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.